கோப்பை யாருக்குச் சொந்தம்? விளையாட்டுக் கோப்பைகள் குறித்த எளிய விளக்கம்

நீலகிரியில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பொது அறிவுக் குறிப்பேட்டைத் திறந்தால், ஏதோ ஒரு பக்கத்தில் கோப்பைகளின் பட்டியல் கட்டாயம் இருக்கும். ரஞ்சி என்றால் கிரிக்கெட், சந்தோஷ் என்றால் கால்பந்து, தாமஸ் என்றால் பாட்மின்டன், டேவிஸ் என்றால் டென்னிஸ் என்று வரிசையாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் ஒரு மதிப்பெண் கிடைப்பதற்கு அது போதும். ஆனால் அதே பிள்ளைகளிடம், ரஞ்சிக் கோப்பையை வென்ற அணி மறு ஆண்டு அதை என்ன செய்யும், உலகக் கோப்பைக் கால்பந்தில் வென்ற நாடு அந்தத் தங்கக் கோப்பையை வைத்துக்கொள்ளுமா, நேருவின் பெயரில் உள்ள கோப்பை எந்த விளையாட்டுக்குரியது என்று கேட்டால் பலரும் தடுமாறுகிறார்கள். பட்டியல் ஒரு பெயரையும் ஒரு விளையாட்டையும் கோடு போட்டு இணைத்துவிட்டு நின்றுவிடுகிறது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் கொடுத்தவர், நடத்துபவர், வென்றவர் என்று மூவர் இருப்பதையும், அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருப்பதையும் அது சொல்வதில்லை. அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டால் பட்டியலில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

உபயம் எழுதிய அண்டா

நம் ஊர்களில் கோயிலிலோ சங்கக் கட்டடத்திலோ பொதுப் பாத்திரங்கள் இருக்கும். பெரிய அண்டா, குத்துவிளக்கு, சோறு வடிக்கும் தட்டு போன்றவற்றை வசதியுள்ள ஒருவர் வாங்கிக் கொடுத்திருப்பார். அதன் விளிம்பில் ‘உபயம்’ என்று போட்டு அவருடைய பெயரும் வெட்டப்பட்டிருக்கும். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அண்டா அந்த வீட்டுக்குப் போகும். விசேஷம் முடிந்ததும் துலக்கித் திருப்பி வைத்துவிடுவார்கள். கொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்க முடியாது. கொண்டுபோனவர் தன்னுடையது என்று சொல்லவும் முடியாது. அது ஊருக்குச் சொந்தம். யார் எப்போது எடுத்துச் செல்லலாம் என்பதை ஊர் தீர்மானிக்கிறது.

புகழ்பெற்ற விளையாட்டுக் கோப்பைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. கொடையாளர் ஒருவர் வெள்ளியிலோ பொன்னிலோ ஒன்றைச் செய்து கொடுக்கிறார். விளையாட்டை நடத்தும் அமைப்பு அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. வென்ற அணி அடுத்த போட்டி வரும் வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அண்டாவில் இல்லாத ஒன்று கோப்பையில் உண்டு: எடுத்துச் சென்றவரின் பெயரும் அதில் வெட்டப்படுகிறது. கொடுத்தவர் பெயர் ஒரு முறைதான். வென்றவர் பெயர் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும்.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

மேலே போவதற்கு முன் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு என்பது கிரிக்கெட், கால்பந்து போன்ற ஆட்ட வகை. போட்டித் தொடர் என்பது குறிப்பிட்ட அணிகள் குறிப்பிட்ட விதிகளின்படி குறிப்பிட்ட காலத்தில் ஆடும் ஆட்டங்களின் வரிசை. கோப்பை என்பது அந்தத் தொடரில் வென்றவர் கையில் கொடுக்கப்படும் பொருள். அது கிண்ணமாகவோ, கேடயமாகவோ, தட்டாகவோ, சிலையாகவோ இருக்கலாம். பேச்சு வழக்கில் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ‘ரஞ்சி ஆடுகிறான்’ என்று சொல்லும்போது தொடரைக் குறிக்கிறோம். ‘ரஞ்சியைத் தூக்கிவிட்டார்கள்’ என்னும்போது பொருளைக் குறிக்கிறோம். பேசும்போது இதனால் தொல்லை இல்லை. விளக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

கிரிக்கெட் உலகக் கோப்பை இதற்கு நல்ல சான்று. 1983 ஆம் ஆண்டு கபில்தேவ் லார்ட்ஸ் மைதானத்தின் மாடத்தில் நின்று கையில் ஏந்தியது புருடென்ஷியல் கோப்பை. அது அப்போதைய விளம்பர ஆதரவு நிறுவனத்தின் பெயர். 1987 இல் ஆதரவாளர் மாறினார். ரிலையன்ஸ் கோப்பை வந்தது. இப்போது நாம் காணும் கோப்பை 1999 முதல் வழங்கப்படுகிறது. 2011 இல் தோனி பெற்றது இந்த வடிவத்தை. தொடர் ஒன்றே, விளையாட்டும் ஒன்றே, கோப்பை மட்டும் மாறியிருக்கிறது. இந்தியா இரண்டு முறை ‘அதே கோப்பையை’ வென்றது என்று சொல்வது தொடரைப் பொறுத்தவரை சரி, பொருளைப் பொறுத்தவரை தவறு.

சுழற்கோப்பை: டூரண்டும் வெலிங்டனும்

வென்றவரிடம் ஒரு பருவம் மட்டும் இருந்துவிட்டு அடுத்த வெற்றியாளரிடம் போகும் கோப்பைக்குச் சுழற்கோப்பை என்று பெயர். மைதானத்தில் இதையே ‘ரோலிங் கப்’ என்பார்கள். வென்றவருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவது வேறு வகை. இந்த இரண்டு வகையும் ஒரே மேடையில் தரப்படும் ஒரு தொடர் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதற்கும் நம் மலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

டூரண்ட் கோப்பைக் கால்பந்துத் தொடர் 1888 இல் சிம்லாவில் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துத் தொடர் என்று அதைச் சொல்வார்கள். அதைத் தோற்றுவித்த சர் மார்ட்டிமர் டூரண்ட் அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசில் வெளியுறவுச் செயலர். ஆப்கானிஸ்தானுக்கும் அன்றைய இந்தியாவுக்கும் இடையே 1893 இல் வகுக்கப்பட்ட டூரண்ட் கோடு என்ற எல்லைக்கும் அவர் பெயர்தான். தொடக்கத்தில் இராணுவ அணிகளுக்காக நடத்தப்பட்ட இந்தத் தொடரில் பிற்காலத்தில் கழக அணிகளும் சேர்ந்தன.

டூரண்டில் வென்ற அணிக்கு மூன்று கோப்பைகள் கிடைக்கும். முதலாவது டூரண்ட் கோப்பை. இரண்டாவது, சிம்லா மக்கள் அளித்த சிம்லா கோப்பை. மூன்றாவது குடியரசுத் தலைவர் கோப்பை. முதல் இரண்டும் சுழற்கோப்பைகள். அடுத்த தொடருக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது மட்டும் வென்ற அணிக்கே நிலையாக உரியது. ஆகவே டூரண்ட் வென்ற ஓர் அணியின் கண்ணாடி அலமாரியில் பிற்காலத்தில் ஒருவர் தேடிப் பார்த்தால் டூரண்ட் கோப்பை அங்கே இருக்காது. அது இல்லாததை வைத்து அந்த அணி வெல்லவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வெற்றிக்குச் சான்று அந்தக் கோப்பையின் மேல் வெட்டப்பட்ட பெயரிலும் தொடரின் பதிவேட்டிலும் இருக்கிறது.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர், நாம் எம்.ஆர்.சி. என்று அழைக்கும் படைப் பயிற்சி மையம், 1955 இலும் 1958 இலும் டூரண்ட் கோப்பையை வென்ற அணி. கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஹைதராபாத்தின் காவல்துறை அணியும் கோலோச்சிய காலத்தில், நீலகிரி மலையிலிருந்து இறங்கிச் சென்ற ஓர் அணி நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையை இருமுறை மலையேற்றிக் கொண்டுவந்தது. பின்னாளில் 1960 ரோம் ஒலிம்பிக் போட்டியிலும், 1962 இல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற ஆசிய விளையாட்டு அணியிலும் இந்தியாவின் கோல்கீப்பராக நின்ற பீட்டர் தங்கராஜ் எம்.ஆர்.சி. அணியில் ஆடியவர். வெலிங்டன் பாராக்ஸ் பகுதியில் தினமும் பேருந்து ஏறும் இளைஞர்களில் எத்தனையோ பேர் ‘டூரண்ட் – கால்பந்து’ என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அந்தக் கோப்பை தங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒன்று என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பொது அறிவுப் பாடத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

இதுவரை பார்த்ததைத் திரட்டிச் சொன்னால்: கோப்பை என்பது தொடரிலிருந்து வேறான ஒரு பொருள், பெரும்பாலும் அது சுழல்வது, வென்றவர் அதன் உரிமையாளர் ஆவதில்லை, அடுத்த தொடர் வரை பாதுகாவலர் ஆகிறார்.

மூன்று முறை வென்றால் சொந்தம்

சுழற்கோப்பைகளுக்குப் பழைய காலத்தில் ஒரு கிளை விதி உண்டு. ஓர் அணி மூன்று முறை வென்றுவிட்டால் கோப்பை அந்த அணிக்கே நிரந்தரமாகச் சொந்தமாகிவிடும். சில தொடர்களில் அந்த மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டும் என்று இருக்கும். நம் எஸ்டேட் மைதானங்களில் நடக்கும் கால்பந்து, கைப்பந்து, கிரிக்கெட் போட்டிகளின் நோட்டீஸ்களில்கூட இந்த வரியை இன்றும் பார்க்கலாம்.

உலகறிந்த எடுத்துக்காட்டு கால்பந்து உலகக் கோப்பை. 1930 முதல் 1970 வரை வழங்கப்பட்டது ஜூல்ஸ் ரிமே கோப்பை. ஜூல்ஸ் ரிமே, ஃபிஃபா என்ற பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்து உலகக் கோப்பைத் தொடரைத் தொடங்கிவைத்தவர். இறக்கை விரித்த வெற்றித் தெய்வத்தின் சிறு உருவமாக அமைந்த அந்தக் கோப்பை இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் ஒரு காலணிப் பெட்டிக்குள், கால்பந்து நிர்வாகி ஒருவரின் கட்டிலுக்கு அடியில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. 1966 இல் இங்கிலாந்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது திருடு போனது. செய்தித்தாளில் சுற்றிப் போடப்பட்டிருந்த அதைப் பிக்கிள்ஸ் என்ற நாய் மோப்பம் பிடித்துக் கண்டெடுத்தது. 1958, 1962, 1970 ஆகிய மூன்று முறை வென்ற பிரேசிலுக்கு விதிப்படி அது நிரந்தரமாக வழங்கப்பட்டது. 1983 இல் ரியோ டி ஜெனிரோவில் அது மீண்டும் களவு போயிற்று. பிறகு கிடைக்கவே இல்லை.

அதன் பிறகு வந்த கோப்பைதான் 1974 முதல் வழங்கப்படுவது. 36.8 சென்டிமீட்டர் உயரமும் 6 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையும் கொண்ட இந்தப் பொற்கோப்பைக்கு மூன்று முறை விதி கிடையாது. எத்தனை முறை வென்றாலும் எந்த நாட்டுக்கும் அது சொந்தமாகாது. வென்ற நாட்டுக்கு வெண்கலத்தில் செய்து பொன்முலாம் பூசிய ஒரு நகல்தான் கொடுக்கப்படுகிறது.

நகலும் மூலமும்

நகல் கோப்பை என்றால் மூலக் கோப்பையைப் பார்த்து, அதே அளவிலோ சிறிய அளவிலோ செய்யப்பட்டு வென்றவருக்குக் கொடுக்கப்படுவது. அதைப் போலி என்று எண்ணிவிடக் கூடாது. மூலத்தைப் பாதுகாக்கவும் வென்றவர் வீட்டில் ஒரு நினைவுப் பொருள் இருக்கவும் ஏற்பட்ட ஏற்பாடு அது. விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் கோப்பை 1887 முதல் வழங்கப்படுகிறது. அதன் மூடியின் உச்சியில் ஓர் அன்னாசிப் பழம் இருக்கும். வென்றவர் மைதானத்தில் அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். வீட்டுக்குப் போவது சற்றுச் சிறிய நகல்.

இதன் எல்லைக்கே சென்ற எடுத்துக்காட்டு ஆஷஸ். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடும் டெஸ்ட் கிரிக்கெட் தொடருக்குரிய அந்தச் சின்னஞ்சிறு சுடுமண் குடுவை ஒரு சாண் உயரம்கூட இல்லாதது. 1882 இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து தோற்றபோது, ஆங்கிலக் கிரிக்கெட் இறந்துவிட்டது, அதன் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்படும் என்று ஒரு பத்திரிகை எழுதிய இரங்கல் குறிப்பிலிருந்து பெயர் வந்தது. மறு பருவத்தில் ஆஸ்திரேலியா சென்ற ஆங்கில அணித் தலைவர் ஐவோ பிளை என்பவருக்கு அந்தக் குடுவை தனிப்பட்ட அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. இன்றும் அது லார்ட்ஸ் மைதான அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியா வென்றாலும் அது இடம் மாறாது. 1998–99 தொடரிலிருந்து வென்றவருக்குப் படிகத்தால் ஆன கோப்பை ஒன்று தனியாக வழங்கப்படுகிறது.

பெயர் எங்கிருந்து வருகிறது

கோப்பையின் பெயர் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது: கொடுத்தவர் பெயர், நினைவுகூரப்படுபவர் பெயர், இடத்தின் அல்லது பொருளின் பெயர். இவற்றைக் கலந்துவிடுவதால்தான் தவறான தகவல்கள் பரவுகின்றன.

ரஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். அது ரஞ்சித்சிங்ஜி கொடுத்தது என்று பலர் எழுதுகிறார்கள். அவர் 1933 இல் காலமானவர்; தொடர் தொடங்கியது 1934–35 பருவத்தில். கோப்பையை அவர் நினைவாக வழங்கியவர் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். ரஞ்சி இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடியவர், இந்தியாவுக்காக ஆடியதில்லை. மண்டல அணிகளுக்கான துலீப் கோப்பைக்குப் பெயரளித்த துலீப்சிங்ஜி அவருடைய சகோதரர் மகன்; அவரும் இங்கிலாந்துக்காகவே ஆடினார். ரஞ்சியின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸுக்கும் மைசூருக்கும் இடையே நடந்து அன்றைக்கே மெட்ராஸின் வெற்றியில் முடிந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு, மெட்ராஸ் என்ற பழைய பெயரில் 1954–55 இலும் இன்றைய பெயரில் 1987–88 இலும் அதை வென்றிருக்கிறது.

மாநில அணிகளின் கால்பந்துத் தொடரான சந்தோஷ் கோப்பை 1941 இல் தொடங்கியது. சந்தோஷ் என்பவர் ஒரு கால்பந்து வீரர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இன்றைய வங்காளதேசத்தில் இருந்த ஒரு ஜமீனின் பெயர். அதன் மகாராஜாவாக இருந்து வங்காளக் கால்பந்தை வளர்த்த மன்மதநாத் ராய் சௌத்ரியின் நினைவாக அமைந்தது கோப்பை. பாய்மரப் படகுப் போட்டிக்குரிய அமெரிக்காஸ் கோப்பையும் இப்படித்தான். அது நாட்டின் பெயரால் வந்தது என்று தோன்றும். உண்மையில் 1851 இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் வென்ற படகின் பெயர் ‘அமெரிக்கா’.

டேவிஸ் கோப்பை டென்னிஸில் நாடுகளின் ஆடவர் அணிகளுக்கு உரியது. 1900 இல் அமெரிக்க ஆட்டக்காரர் டுவைட் டேவிஸ் கொடுத்தது. இந்தியா அதில் 1966, 1974, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதிக்கு வந்தது. 1974 இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இறுதியில் ஆட மறுத்தது. பாட்மின்டனில் ஆடவர் அணிகளுக்கு தாமஸ் கோப்பை, மகளிர் அணிகளுக்கு ஊபர் கோப்பை. இரண்டும் ஆங்கில ஆட்டக்காரர்களான சர் ஜார்ஜ் தாமஸ், பெட்டி ஊபர் ஆகியோரின் பெயர்கள். 2022 மே மாதம் பாங்காக்கில் இந்தோனேசியாவை 3–0 என வீழ்த்தி இந்தியா முதன்முறையாக தாமஸ் கோப்பையை வென்றது.

ஆட்டக்காரர்களின் காசிலேயே கோப்பை உருவான கதையும் உண்டு. ஸ்னூக்கர் ஆட்டத்தை நெவில் சேம்பர்லேன் என்ற இராணுவ அதிகாரி 1875 இல் ஜபல்பூரில் உருவாக்கி, 1882 வாக்கில் ஊட்டி கிளப்பில் அதன் விதிகளை எழுதி மாட்டினார் என்பது இந்த மலையில் பலரும் பெருமையோடு சொல்லும் செய்தி. அந்த ஆட்டத்தின் முதல் உலகப் பட்டப் போட்டி 1927 இல் இங்கிலாந்தில் நடந்தபோது, நுழைவுக் கட்டண வருவாயின் ஒரு பகுதியைக் கொண்டே கோப்பை வாங்கப்பட்டது. ஜோ டேவிஸ் முதலில் பெற்ற அதே கோப்பைதான் இன்றும் வழங்கப்படுகிறது.

ஒரு பெயர், பல விளையாட்டுகள்

பட்டியல் முறை முற்றிலும் உடைந்துபோகும் இடம் இது. நேரு கோப்பை எந்த விளையாட்டுக்குரியது? 1952 இல் ஆலப்புழைக்கு வந்த நேரு அங்கு நடந்த படகுப் போட்டியைக் கண்டு மகிழ்ந்து, பின்னர் வெள்ளியில் ஒரு பாம்புப் படகைச் செய்து அனுப்பினார். கேரளத்தின் வள்ளம்களிக்கு உரிய நேரு கோப்பை அது. 1982 இல் தொடங்கி 2012 வரை நடந்த நேரு கோப்பை, பன்னாட்டுக் கால்பந்துத் தொடருக்குரியது. அதை இந்தியா 2007, 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் வென்றது. டெல்லியில் நேரு பெயரிலான ஹாக்கித் தொடரும் உண்டு. ஆகவே ‘நேரு கோப்பை’ என்று மட்டும் கேட்கும் வினா முழுமையற்ற வினா. விளையாட்டு, நடத்தும் அமைப்பு, பங்கேற்கும் அணிகள் மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒரு கோப்பையை அடையாளம் காண முடியும்.

பங்கேற்கும் அணி யார் என்பது மிக முக்கியம். கால்பந்தில் சந்தோஷ் கோப்பை மாநிலங்களுக்கு, டூரண்ட் கழகங்களுக்கும் படை அணிகளுக்கும், இந்திய விமானப்படை 1960 இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பை பள்ளிகளுக்கு. கிரிக்கெட்டில் ரஞ்சி மாநில அணிகளுக்கு, துலீப் மண்டலங்களுக்கு, இரானி கோப்பை ரஞ்சி வென்ற அணிக்கும் ‘எஞ்சிய இந்தியா’ அணிக்கும் இடையிலான ஒரே ஓர் ஆட்டத்துக்கு.

பெயர் வெட்ட இடம் தீர்ந்தால்

ஆண்டுதோறும் பெயர் வெட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் இடம் தீர்ந்துபோகும். இதற்கு ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனி வழி கண்டிருக்கிறது. டேவிஸ் கோப்பை முதலில் ஒரு வெள்ளிக் கிண்ணம் மட்டுமே. பெயர்களுக்காக அடியில் தட்டும் அடுக்கடுக்கான பீடமும் சேர்க்கப்பட்டு இன்று கிண்ணத்தைவிடப் பீடம் பெரிதாகிவிட்டது. வட அமெரிக்கப் பனிச்சறுக்கு ஹாக்கிக்குரிய ஸ்டான்லி கோப்பையை 1892 இல் கனடாவின் தலைமை ஆளுநர் ஸ்டான்லி பிரபு அளித்தார். அதில் வென்ற அணியின் ஒவ்வோர் ஆட்டக்காரர் பெயரும் பொறிக்கப்படுகிறது. உருளை வடிவ அடிப்பகுதியின் பட்டைகள் நிரம்பியதும் மிகப் பழைய பட்டையைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டுப் புதிய பட்டையைப் பொருத்துகிறார்கள்.

நம் ஹட்டிகள் எனும் மலைக் கிராமங்களிலும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு லைன்களிலும் உள்ள சுழற்கோப்பைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு வார்னிஷ் அடித்த மரப் பீடம். அதைச் சுற்றி நகக்கண் அளவில் சிறு தகட்டுக் கேடயங்கள் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். மேல் வரிசையில் பெயர்கள் உளியால் வெட்டியவை, கீழே வர வர இயந்திரத்தில் பொறித்தவை, கடைசியில் ஒட்டுத்தாள். ஒரு கைப்பிடி வளைந்திருக்கும். மலை ஈரத்தில் முலாம் கறுத்து, யாரோ விபூதி போட்டுத் தேய்த்த தடம் ஓரத்தில் வெள்ளையாகத் தங்கியிருக்கும். சில ஆண்டுகளுக்குத் தகடே இருக்காது. அந்த ஆண்டுகளில் போட்டி நடக்கவில்லை என்று பொருளாகாது. பெரும்பாலும் வென்ற அணி பெயரை வெட்டாமலே திருப்பிக் கொடுத்திருக்கும், அல்லது கோப்பை ஒருவர் வீட்டுப் பரணில் மறந்துபோய்க் கிடந்திருக்கும்.

இங்கேதான் பெரிய தொடர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காஸ் கோப்பையை 1857 இல் நியூயார்க் படகுக் கழகத்திடம் ஒப்படைத்தவர்கள் ஒரு கொடைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கொடைப் பத்திரம் என்பது கோப்பையை யார் வைத்திருக்கலாம், யார் போட்டிக்கு அழைக்கலாம், எந்த நிபந்தனைகளின் பேரில் அது கைமாற வேண்டும் என்பதைக் கொடுப்பவரே எழுத்தில் வைக்கும் ஆவணம். நியூயார்க் கழகம் 1851 வெற்றியிலிருந்து கணக்கிட்டால் 132 ஆண்டுகள் கோப்பையை இழக்காமல் வைத்திருந்து, 1983 இல் ஆஸ்திரேலியப் படகு ஒன்றிடம் தோற்றபோது, அந்தத் தாளின்படியே கோப்பை கைமாறியது.

நம் ஊர்ப் போட்டிகளுக்கு அத்தனை பெரிய ஆவணம் வேண்டியதில்லை. ஒரு முழுத்தாள் போதும். கோப்பை யாருடைய உபயம், எந்தச் சங்கத்தின் பொறுப்பில் உள்ளது, வென்ற அணி எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும், பெயர் வெட்டும் செலவு யாருடையது, மூன்று முறை வென்றால் சொந்தமாகுமா, தொடர் நின்றுபோனால் கோப்பை எங்கே போய்ச் சேர வேண்டும் ஆகியவற்றை எழுதி, கொண்டுபோகும் அணித் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு படியைப் பீடத்தின் அடியில் ஒட்டிவைக்கலாம். தகடு விட்டுப்போன ஆண்டுகளின் வெற்றியாளர்களைத் தெரிந்த மூத்த ஆட்டக்காரர்கள் இன்னும் ஊரில் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு அந்த வரிசையையும் நிரப்பிவிட வேண்டும்.